நிரம்பி வழியும் மூன்றாம் மாடி

"அங்க அப்படி யாரு உனக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்கன்னு தினமும் இப்படி விழுந்தடிச்சுட்டு ஓடுற?"

மாமியார் ஒருநாள் கேட்ட கேள்வி இது. ஒரு காலில் செருப்பும் ஒரு கையில் சாப்பாட்டு டப்பாவுமாக வாசலில் நின்ற மருமகள் பதில் சொல்லவில்லை. பதில் இருந்தது. யாருமில்லை என்பதுதான் பதில். அந்த ஆபீசில் அவளுக்காக ஒரு ஈ காக்கைகூடக் காத்திருக்கவில்லை. அதனால்தான் ஓடினாள். அதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது?

ஆபீசில் அவளுக்கு வருத்தக்கா என்று பெயர். துணி துவைக்கும் மெஷின் விற்கிற கம்பெனி. வாங்கிய மெஷின் ஓடாதவர்கள், ஓடி நிற்காதவர்கள், மெஷினுக்குள் சட்டையைப் போட்டுக் கைக்குட்டையாக எடுத்தவர்கள் எல்லாரும் புகார் எழுதுவார்கள். அவர்களுக்குப் பதில் எழுதுவது அவள் வேலை. 'தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம்' என்றுதான் எந்தப் பதிலையும் ஆரம்பிக்க வேண்டும் என்பது விதி. ஒரு நாளைக்கு எழுபது தடவை வருந்துவாள். பதினோரு வருஷமாக வருந்திக்கொண்டிருந்தாள். யாரோ விளையாட்டாகக் கூப்பிட்ட பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அதற்காக அவள் வருத்தப்படவில்லை.

வீட்டிலிருந்து வேலை செய்து பார்க்காமலும் இல்லை. 'இனி எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை செய்யலாம்' என்று கம்பெனி அறிவித்த அன்றைக்கு அந்த மூன்றாம் மாடியில் இருந்த நாற்பத்திரண்டு பேரும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். கம்ப்யூட்டரை மட்டும்தான் எடுத்துப் போகச் சொல்லியிருந்தார்கள். சுழல் நாற்காலிகளும் கூடவே போயின. கால் வைக்கும் பலகைகள் போயின. ஒரு மகானுபாவர் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு போனார். 'நாம் ஒரே குடும்பம்' என்று எழுதி மாட்டியிருந்த படத்தை மட்டும் யாரும் தொடவில்லை.

அவள் வீடு இரண்டு அறையும் ஒரு சமையலறையும். கணவனும் வேறொரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தான். படுக்கையறையும் மேசையும் அவனுக்கு. அவன் கதவைச் சாத்திக்கொண்டால் மாமியார் டிவியின் வாயை அடைப்பாள், குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறப்பாள், "புள்ளை மீட்டிங்ல இருக்கான்" என்று ஜன்னலில் வந்து உட்கார்ந்த புறாவைக்கூட விரட்டுவாள். மருமகளுக்குச் சமையலறையில் இஸ்திரிப் பலகை கிடைத்தது. அதை இடுப்பளவுக்கு விரித்து, மேலே கம்ப்யூட்டரை வைத்து, நின்றபடியே வருந்தினாள். ஒருநாள் எல்லாரும் திரையில் கூடியிருந்த நேரத்தில், மேனேஜர் ஏதோ முக்கியமாகப் பேசிக்கொண்டிருக்க, பின்னாலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "ஏம்மா, சும்மாதானே நிக்கிற, பால் பொங்குதான்னு கொஞ்சம் பாரு." நாற்பத்தொரு சதுரங்களில் நாற்பத்தொரு பேர் சிரித்தார்கள். எழுதியதை வாய்விட்டு ஒருமுறை படித்துப் பார்ப்பது அவள் வழக்கம். அப்படி ஒன்றைப் படிக்கும்போது கணவன் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, "கொஞ்சம் மெதுவா வருத்தப்படேன், எனக்கு முக்கியமான கால் இருக்கு" என்றான்.

அவன் வீட்டிலிருந்து பார்த்தது வேலை. அவள் வீட்டிலிருந்து பார்த்தது வீடு.

நான்கு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த அறிவிப்பைத் தேடி எடுத்து மறுபடி படித்தாள். 'எங்கிருந்து வேண்டுமானாலும்' என்றுதான் போட்டிருந்தது. எங்கிருந்து வேண்டுமானாலும் என்றால் ஆபீசிலிருந்தும்தானே?

அப்படித்தான் திரும்பிப் போனாள். ஆளில்லாத ஆபீஸ் எத்தனை அழகு என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. ஜன்னலோரம் தன் இடம். எதிரே யாருடைய முதுகும் இல்லை. பக்கத்தில் யாரும் நகம் வெட்டவில்லை. பிறந்தநாள் கேக்குக்காக வசூலிக்க யாரும் உறையை நீட்டவில்லை. மதியம் சாப்பிடும்போது "என்ன கொண்டுவந்தீங்க?" என்று டப்பாவுக்குள் மூக்கை விடுவாரில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்து, தன் கடிதங்களை வாய்விட்டு உரக்கப் படித்தாள். ஏசி ரிமோட்டும் அவள் கையில்தான் இருந்தது. அந்த ரிமோட்டுக்காக இதே மாடியில் நான்கு வருஷம் யுத்தம் நடந்தது என்று சொன்னால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். விற்பனைப் பிரிவில் ஒரு பருத்த மனிதர். எப்போதும் வியர்த்து வழிவார். பதினெட்டில் வைப்பார். உதிரிபாகப் பிரிவில் ஒரு மெலிந்த பெண்மணி. கோடையிலும் சால்வை. இருபத்தாறில் வைப்பாள். அவர் பெயர் பதினெட்டு என்றும் அவள் பெயர் இருபத்தாறு என்றும் ஆகிப்போனது. கடைசி இரண்டு வருஷம் இருவரும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. வருத்தக்கா ரிமோட்டை இருபத்திரண்டில் வைத்தாள். ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை.

மாடி வாசலில் காவல்காரர் ஒருவர் இருந்தார். அவரை அவள் அண்ணன் என்று கூப்பிடுவாள். கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். காலையில் அவள் லிஃப்டிலிருந்து வெளியே வருவதைப் பார்த்ததுமே எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொள்வார். நாள் முழுக்க அவர் பார்க்கும் ஒரே மனித முகம் அவளுடையது. அதனால் அந்த மரியாதை.

"வாங்க மேடம். எல்லாரும் வந்தாச்சு, நீங்கதான் லேட்டு" என்பார், காலி மாடியைக் காட்டி.

ஒரு வருஷம் இப்படிப் போனது. அப்புறம்தான் தலைமை ஆபீசிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. 'அடுத்த மூன்று மாதம் கணக்கெடுக்கப்படும். எந்த மாடிக்குப் பாதிப்பேர்கூட வரவில்லையோ அந்த மாடி கட்டடக்காரரிடம் திருப்பி ஒப்படைக்கப்படும். யார் வந்தார்கள் என்பதை வாசலில் உள்ள கார்டு மெஷினே பதிந்துகொள்ளும்.' கடிதத்தைப் பார்த்த முப்பத்தெட்டு பேர் கட்டைவிரல் படத்தை அனுப்பினார்கள். ஒருவரும் காலை எடுத்து வாசலில் வைக்கவில்லை.

அன்று வீட்டுக்குப் போனபோது நாத்தனார் வந்திருந்தாள், இரண்டு பிள்ளைகளோடு. மூத்தது சோபாவிலிருந்து குதித்துக்கொண்டிருந்தது. இளையது எதையோ விழுங்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணி, உங்க ஆபீசை மூடப்போறாங்களாமே? அண்ணன் சொன்னான்" என்றாள் நாத்தனார். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "நல்லதாப் போச்சு. நானும் எத்தனை நாளைக்குத்தான் இதுங்களைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறது? எனக்கும் ஒரு வேலை தயாரா இருக்கு. நீங்க வீட்டுல சும்மாதானே இருக்கப்போறீங்க, இதுங்களை இங்க விட்டுட்டுப் போறேன்."

"வீட்டுல இருந்தாலும் வேலை இருக்குமே" என்றாள் வருத்தக்கா.

"என்ன பெரிய வேலை? வருந்துகிறோம் வருந்துகிறோம்னு எழுதணும், அவ்வளவுதானே? புள்ளைங்களைப் பாத்துக்கிட்டே எழுதுங்க, தானா வரும்."

மாமியார் விழுந்து விழுந்து சிரித்தாள். கணவனும் சிரித்தான். இளையது விழுங்கியது. நல்லவேளை, பொத்தான்தான்.

மறுநாள் காலை வருத்தக்கா காவல்காரரின் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். "அண்ணே, பாதி பேருன்னா எத்தனை பேரு?"

"இருபத்தொண்ணு. நேத்தே போட்டுப் பாத்துட்டேன். இந்த மாடியை மூடினா என்னைப் பின்பக்க கேட்டுக்கு மாத்திடுவாங்களாம். அங்க ஒரு கம்பம் இருக்கு, அதோட நிழல்லதான் நிக்கணும். நிழல் நகர நகர நானும் நகரணும்."

பிறகு காவல்காரர் மேசைக்குக் கீழே குனிந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மேலே வைத்தார். வீட்டுக்குப் போனபோது எல்லாரும் விட்டுச்சென்ற அடையாளக் கார்டுகள். நாற்பத்தொன்று. கழுத்துக் கயிறுகள் பின்னிப் பிணைந்து கிடந்தன.

"நான் எதையும் பாக்கலை" என்று சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பினவர் உடனே, "மேல இருக்கிறது மேனேஜர் கார்டு. அவரை முதல்ல வரவைங்க, தங்கச்சி, இல்லாட்டி ஆபீசுக்கு மரியாதை இருக்காது" என்றார். அன்றிலிருந்து அவள் மேடம் இல்லை, தங்கச்சி.

மெஷினில் கார்டைக் காட்டினால் டிங் என்று ஒரு சத்தம். முதல் நாள் இருபத்தொரு டிங். ஒவ்வொரு டிங்குக்கும் லிஃப்ட் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இரண்டாம் வாரம் பயம் போய் நிதானம் வந்தது. மூன்றாம் வாரம் ரசனை வந்துவிட்டது. எல்லாரும் ஒரே நிமிஷத்தில் வந்தால் சந்தேகம் வரும் என்று பிரித்துப் பிரித்து வரவைத்தாள். கைக்குழந்தைக்காரி பத்து மணிக்குத்தான் வருவாள், பாவம். பயிற்சிக்கு வந்த பெண்ணுக்குச் சளி, இரண்டு நாள் விடுப்பு கொடுத்தாள். ஒரு காலத்தில் அவள் நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டு "உங்க பேர் எழுதியிருக்கா?" என்று கேட்ட ஆளை மட்டும் தினமும் ஏழே முக்காலுக்கே வரவைத்து, கடைசி ஆளாகத்தான் வீட்டுக்கு அனுப்பினாள். அவனுக்கு ஒருநாள்கூட உடம்புக்கு வந்ததில்லை. சுவர்க் கடிகாரத்தைக் கொண்டுபோனவர் தினமும் கால்மணி நேரம் தாமதம்.

"ரொம்பக் கண்டிப்பு தங்கச்சி நீங்க" என்பார் காவல்காரர். "உங்களை மேனேஜரா போட்டிருக்கணும்."

பதினெட்டின் கயிறும் இருபத்தாறின் கயிறும் டப்பாவுக்குள் பிரிக்க முடியாத முடிச்சாகக் கிடந்தன. நகத்தால் நெம்பிப் பார்த்தாள், வரவில்லை. கத்தரித்தால் கயிறு வீணாகும். போகட்டும் என்று இரண்டையும் சேர்த்தே காட்டினாள். டிங், டிங். சேர்ந்து வந்தார்கள், சேர்ந்து போனார்கள். மூன்று மாதம்.

இருபத்தொன்றோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஓர் ஆபீசை நடத்தத் தொடங்கினவளுக்கு அது நன்றாக நடக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிடுகிறது. இருபத்தைந்து ஆனது, முப்பது ஆனது. சில நாட்களில் முப்பத்தைந்து.

மூன்று மாதம் முடிந்த மறுவாரம் தலைமை ஆபீசிலிருந்து மேனேஜருக்குப் போன் வந்தது. அந்தப் போனை வைத்த கையோடு மேனேஜர் வருத்தக்காவைக் கூப்பிட்டார். மேனேஜர் மூன்றாம் மாடியைக் கண்ணால் பார்த்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

"அம்மா, நீங்க அப்பப்போ ஆபீஸ் பக்கம் போறதா கேள்விப்பட்டேன்..."

"தினமும் போறேன் சார்."

"அப்படியா? அங்க... கூட்டம் எப்படி?"

"கூட்டமா சார்?"

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "கம்பெனியில இருக்கிற எல்லா மாடியும் ஈ ஓட்டுதாம். நம்ம மாடியில மட்டும் தினமும் முப்பது பேராம். ஒட்டுறவு அதிகாரின்னு ஒருத்தரைப் புதுசா போட்டிருக்காங்க. ஜனங்க ஒருத்தரோட ஒருத்தர் ஒட்டுறவா இருக்காங்களான்னு பாக்கிறதுதான் அவர் உத்தியோகமே. நம்ம மாடியைப் பாத்துப் பாடம் படிக்க நேர்ல வர்றார். எனக்கு என்னன்னா..." தொண்டையைச் செருமினார். "எல்லாரும் போயிட்டு இருந்திருக்கீங்க, எனக்கு ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலையே. யாராவது கேட்டா, நானும் வந்துக்கிட்டுத்தானே இருந்தேன்?"

"தினமும் பாக்கிறேனே சார்" என்றாள் வருத்தக்கா.

மேனேஜர் பெருமூச்சு விட்டது போனில் காற்றாக வந்தது. "நீங்க தங்கமான பொண்ணு."

அன்று மாலைக்குள் இன்னும் ஒன்பது பேர் கூப்பிட்டார்கள். ஒன்பது பேருக்கும் ஒரே பயம். மற்ற எல்லாரும் ஒழுங்காக ஆபீஸ் போய்க்கொண்டிருக்க, தான் ஒருத்தன் மட்டும் வீட்டில் மல்லாந்து கிடந்து ஏமாற்றிவிட்டோமே என்ற பயம். "அக்கா, என்னை அங்க பாத்திருக்கீங்கதானே?" ஒன்பது பேருக்கும் அவள், பார்த்திருக்கிறேனே என்றாள். இருபத்தாறு கூப்பிட்டபோது கூடவே ஒரு கேள்வி கேட்டாள். "அந்த ஆளும் வர்றானா?" வருகிறார் என்றாள் வருத்தக்கா. "எத்தனை மணிக்கு?" என்று இருபத்தாறு கேட்டதும் அவள், இன்னொரு கால் வருகிறது என்று போனை வைத்தாள்.

ஒட்டுறவு அதிகாரி வரும் அன்று காலை ஆறரை மணிக்கே லிஃப்ட் ஓயவில்லை. நாற்காலிகள் திரும்பி வந்தன. முதலில் வந்தவன், "சர்வீசுக்குக் கொடுத்திருந்தேன்" என்று யாரும் கேட்காமலே சொன்னான். அடுத்து வந்தவனும் சர்வீசுக்குத்தான் கொடுத்திருந்தான். ஒரு நாற்காலியில் பூனை முடி அப்பியிருந்தது. ஒன்றில் குழந்தை ஒட்டிய படங்கள். சுவர்க் கடிகாரக்காரர் கோட்டுக்குள் எதையோ அணைத்துக்கொண்டு வந்தார், மார்பு டிக் டிக் என்றது.

எட்டரைக்கெல்லாம் நாற்பத்தொரு பேரும் வந்து உட்கார்ந்தாயிற்று. ஒன்றரை வருஷமாக மார்புக்கு மேல் மட்டுமே பார்த்துக்கொண்ட ஜனங்கள். இவ்வளவு குட்டையா என்று ஒருவரை ஒருவர் திகைத்துப் பார்த்தார்கள். ஆனால் ஒருவரும் திகைப்பை வெளியே காட்டவில்லை. நேற்றும் வந்தவர்கள்போல் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்கள். கழிப்பறையை மராமத்து பார்த்து எதிர்ப்பக்கம் மாற்றி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அது தெரியாமல் ஒவ்வொருவராக எழுந்துபோய்த் துடைப்பம் வைக்கிற அறையைத் திறந்து பார்த்து, "ம்ம், துடைப்பம் சரியாத்தான் இருக்கு" என்பதுபோல் தலையாட்டிவிட்டுத் திரும்பினார்கள்.

"நேத்து நீங்க சொன்ன ஜோக்கை நினைச்சு ராத்திரி பூரா சிரிச்சேன்" என்றான் ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம், காவல்காரரின் காதில் விழும்படி.

"எந்த ஜோக்கு?" என்றான் மற்றவன். உடனே சுதாரித்துக்கொண்டான். "ஆமாமா, அந்த ஜோக்கு!"

இருவரும் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் நேற்று வரவில்லை என்று ஆகிவிடுமே.

வருத்தக்காவின் ஜன்னலோரத்தில் இருவர் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் நின்றாள். இன்றைக்கு ஒருநாள்தானே, நாளை போய்விடுவார்கள், மறுபடி மாடி தன்னுடையதாகிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஒட்டுறவு அதிகாரி பத்து மணிக்கு வந்தார். மெல்லிய குரல், எப்போதும் பாதி மூடிய கண்கள், யார் கையைப் பிடித்தாலும் இரண்டு கையாலும் பிடித்துச் சற்று நேரம் விடமாட்டார். கூட ஒரு போட்டோக்காரர்.

"உங்களையெல்லாம் பாத்தா எனக்குக் கண் கலங்குது" என்று ஆரம்பித்தார். "ஒருத்தரும் கட்டாயப்படுத்தலை. இருந்தாலும் வந்தீங்க. எது உங்களை இங்க இழுக்குது? மனசைத் திறந்து சொல்லுங்க."

மனசைத் திறந்தார்கள். அப்படித் திறந்தார்கள். இது எனக்கு இரண்டாவது வீடு என்றான் ஒருவன். எனக்கு இதுதான் முதல் வீடு என்றான் அடுத்தவன். வீட்டில் ஒருநாள் இருந்தால் மூச்சு முட்டுகிறது என்று மேனேஜர் சொன்னபோது அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. ஒன்றரை வருஷமாகப் பைஜாமாவைத் தவிர வேறு எதையும் உடுத்தாதவர் அவர். அன்றைக்குப் போட்டிருந்த பேண்ட் வயிற்றில் ஏறாமல் ஒரு ஊக்கில் நின்றுகொண்டிருந்தது.

அதிகாரி ஒரு காகிதத்தை எடுத்தார். "வாசல் மெஷின் எல்லாத்தையும் சொல்லுது. காலையில முதல் ஆளா வந்து கடைசி ஆளா போறவர் ஒருத்தர் இருக்கார். ஒரு நாள்கூடத் தவறலை." நாற்காலி பிடுங்கியவன் எழுந்து நின்றான். என்ன நடக்கிறதென்று அவனுக்குப் புரியவில்லை. ஆனால் கைதட்டு வந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். "ஏதோ என்னால முடிஞ்சது சார்."

"அடுத்து, இது எங்களையே ஆச்சரியப்பட வச்ச விஷயம். ரெண்டு பேர். மூணு மாசமா ஒரே நிமிஷத்துல உள்ளே வர்றாங்க, ஒரே நிமிஷத்துல வெளியே போறாங்க. ஒரு நொடி வித்தியாசம். இதுக்குமேல ஒட்டுறவு உண்டா?" பெயர்களைப் படித்தார். பதினெட்டும் இருபத்தாறும் எழுந்தார்கள், மாடியின் இந்தக் கோடியிலும் அந்தக் கோடியிலும்.

இருபத்தாறின் சால்வை கீழே விழுந்தது. "சார், இந்தக் காகிதம் எங்க வீட்டுக்காரர் கைக்குப் போகாதில்ல?"

"வெட்கப்படாதீங்க" என்றார் அதிகாரி. "பக்கத்துல பக்கத்துல நில்லுங்க."

நின்றார்கள். பதினெட்டுக்கு வியர்த்தது, இருபத்தாறுக்கு நடுங்கியது. மெஷின் தப்புப் பண்ணியிருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். நாற்பத்தொரு பேருக்குமே அவரவர் விஷயத்தில் தெரியும். ஆனால் எல்லாருக்கும் சாதகமாகத் தப்புப் பண்ணுகிற மெஷினை யார் குறை சொல்வார்கள்?

அதிகாரி காகிதத்தின் கடைசி வரிக்கு வந்தார். குரல் இன்னும் மெல்லியதானது. "எந்தக் குடும்பத்துலயும் ஒருத்தர் ஒதுங்கி நிப்பாங்க. இங்கயும் ஒருத்தர் இருக்காங்க. மூணு மாசத்துல ஒரு நாள்கூட, ஒரு தடவைகூட, வாசலை மிதிக்கலை." பெயரைப் படித்தார்.

யார் அது என்று எல்லாரும் ஒரு நொடி யோசித்தார்கள், அந்தப் பெயரில் அவளை யாரும் கூப்பிட்டதில்லை என்பதால். பிறகு நாற்பத்தொரு தலைகள் திரும்பின.

வருத்தக்காவின் கை கைப்பைக்குப் போனது. தினமும் முப்பது கார்டு காட்டினாள், முப்பத்தைந்து காட்டினாள், யாருக்குச் சளி யாருக்குத் தாமதம் என்று ஒவ்வொருவராகப் பார்த்துப் பார்த்து வரவைத்தாள். தன் கார்டு கைப்பையின் உள்ஜிப்பில் இருந்தது. அதை ஒருநாள்கூட வெளியே எடுக்கவில்லை. அண்ணன் கதவைத் திறந்து பிடிக்கிறார், உள்ளே வருகிறோம். ஆளே வந்த பிறகு கார்டு எதற்கு என்று, யோசித்திருந்தால்கூடத் தோன்றியிருக்கும். யோசிக்கவே இல்லை.

"நான்... தினமும் வந்தேன் சார்" என்றாள்.

அதிகாரி கனிவோடு தலையை ஒருபக்கம் சாய்த்தார். பிறகு மற்றவர்களைப் பார்த்தார். "நீங்க பாத்தீங்களா?"

மூன்று நாளைக்கு முன்னால் போனில் அக்கா அக்கா என்று உருகின ஒன்பது பேரும் அங்கேதான் இருந்தார்கள். ஒருவன் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டினான், அதில் கயிறே இல்லை. இருபத்தாறு சால்வையை உதறி மடித்தாள். அவளைப் பார்த்தேன் என்று சொன்னால் மெஷின் பொய் சொல்கிறது என்று ஆகும். மெஷின் பொய் சொன்னால் யார் வந்தார்கள், யார் வரவில்லை?

"தெரியலையே சார்" என்றார் மேனேஜர், கூரையைப் பார்த்துக்கொண்டு. "கார்டு பொய் சொல்லாது சார். மனுஷங்கதான்..." மீதியைச் சொல்லாமல் விட்டார்.

"கோபப்பட ஒண்ணுமில்லை" என்றார் அதிகாரி. வருத்தக்காவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "சில பேருக்கு வீடுதான் பிடிக்கும். அது அவங்க சுபாவம். அவங்களை வா வான்னு தொந்தரவு பண்றது எங்க கொள்கையே கிடையாது. இன்னையிலேருந்து உங்களை நிரந்தர வீட்டுப் பணியில போடறோம். இனிமே நீங்க இங்க வரவே வேண்டாம். நிம்மதியா குடும்பத்தோட இருங்க. உங்க ஜன்னலோரம்..." சுற்றிப் பார்த்தார். "முதல் ஆளா வந்து கடைசி ஆளா போறாரே, அவருக்குக் கொடுத்துடலாம்."

கைதட்டினார்கள்.

"மத்தவங்களுக்கு என் பரிசு" என்று அதிகாரி அவர்கள் பக்கம் திரும்பினார். "இவ்வளவு ஆசையா வர்றவங்களை வீட்டுல இரு, ஆபீஸ் வான்னு அரைகுறையா அலைய விடறது பாவம். அடுத்த வாரத்துலேருந்து நீங்க நாற்பத்தொரு பேரும் வாரத்துல அஞ்சு நாளும் வரலாம். ஒன்பதுலேருந்து ஆறு."

வரலாம் என்று ஓர் அதிகாரி சொன்னால் என்ன அர்த்தம் என்று நாற்பத்தொரு பேருக்கும் தெரியும். முதலில் மேனேஜர் கை தட்டினார், தட்டித்தானே ஆகவேண்டும். ஒவ்வொருவராகத் தட்டினார்கள். கைக்குழந்தைக்காரிக்குக் கண்ணில் நீர் முட்டியது. அதிகாரி அதைப் பார்த்து நெகிழ்ந்துபோனார்.

வாசலில் நின்ற காவல்காரரால் பொறுக்க முடியவில்லை. "சார், அந்த அம்மா வந்து..." என்று ஓரடி முன்னால் வைத்தார். வருத்தக்கா அவரைப் பார்த்து, யாருக்கும் தெரியாதபடி தலையை அசைத்தாள். வேண்டாம்.

அவளும் சொல்லியிருக்கலாம். டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தால் போதும். அதை அவள் நினைத்துப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் மாடி போகும், அண்ணன் கம்பத்து நிழலோடு நகர்ந்துகொண்டிருப்பார், அவள் வீட்டுக்குப் போவாள். சொல்லாவிட்டாலும் அவள் வீட்டுக்குத்தான் போவாள். நாத்தனார் பிள்ளைகள் இரண்டும் எப்படியும் காத்திருக்கும். ஒரே ஒரு வித்தியாசம்தான். சொன்னால், இந்த நாற்பத்தொரு பேரும் சந்தோஷமாகத் தங்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"எல்லாரும் இந்தச் சுவர்ப் பக்கம் வாங்க" என்று போட்டோக்காரர் கூப்பிட்டார். "குட்டையானவங்க முன்னால. ரெண்டு பேரும் இன்னும் நெருங்கி நில்லுங்க சார், மேடம் தோள்ல கை போடுங்க. சிரிங்க. ஒரே குடும்பம் மாதிரி சிரிங்க."

நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். மேனேஜர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். பதினெட்டு இரண்டு விரலை மட்டும் இருபத்தாறின் தோளில் வைத்தார். யாரோ ஏசியைப் பதினெட்டில் வைத்தார்கள். யாரோ திட்டினார்கள். யாருடைய டப்பாவிலிருந்தோ வாசனை வந்தது, "யாருப்பா அது" என்று ஒரு முணுமுணுப்பு ஓடியது.

வருத்தக்கா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வாசலுக்குப் போக, போட்டோக்காரருக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஒரே ஒரு வழிதான் இருந்தது.

"அம்மா, கொஞ்சம் ஒதுங்குங்க, படத்துல விழறீங்க" என்றார் போட்டோக்காரர்.

அவள் ஒதுங்கவில்லை. அவசரப்படவும் இல்லை. அவள் கடந்து முடிக்கிறவரை நாற்பத்தொரு பேரும் இழுத்துப் பிடித்த சிரிப்பை விடாமல், கன்னம் வலிக்க வலிக்க நின்றார்கள். சிலர் கண்ணால் ஏதோ சொல்லப் பார்த்தார்கள். அவள் யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனாள்.